கார்த்திகைக் கல்யாணம், இன்சூரன்ஸ், அப்புறம் ரசீது

கேள்வி: தங்கைக்குக் கார்த்திகையில் கல்யாணம். பாளையங்கோட்டையில் மண்டபம் பேசி அட்வான்ஸ் கொடுத்தாச்சு. கல்யாணத்துக்கே இன்சூரன்ஸ் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று தெரிந்த ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். அப்பாவிடம் சொன்னால், "நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல நின்னுபோற பேச்சு எதுக்கு" என்று எரிந்து விழுகிறார். எடுக்கலாமா? அப்பாவுக்குத் தெரியாமல் என் பெயரில் எடுக்க முடியுமா?

பதில்:

எடுக்கலாம், தம்பி. ஆனால் கல்யாணம் நின்றுபோனால் பணம் வந்துவிடும் என்று நினைத்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். ஏனென்றால் நம் ஊரில் கல்யாணம் நிற்பதே இல்லை. மழை கொட்டினாலும், மண்டபத்துக்குள் தண்ணீர் வந்தாலும், குறித்த முகூர்த்தத்தில் ஏதாவது ஒரு பிள்ளையார் கோயிலில் வைத்தாவது தாலியைக் கட்டிவிடுவோம். பாலிசியில் சிக்கல் வருவதே அங்கேதான்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் சர்வேயராக இருந்தவன். கடை எரிந்தது, குடோனில் தண்ணீர் புகுந்தது, சரக்கோடு லாரி கவிழ்ந்தது என்றால் போய்ப் பார்த்து, சேதத்தை மதிப்பிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கிற வேலை. கல்யாணக் க்ளெய்ம் என்று என் கைக்கு வந்தது மொத்தமே நாலு. அதில் ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிய வேண்டியதில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது.

ஓர் ஐப்பசி முகூர்த்தம். மண்டபம் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். முந்தின நாள் சாயங்காலம் வரை தூறல்தான். ராத்திரி ஆற்றில் தண்ணீர் ஏறி, விடிவதற்குள் சாப்பாட்டுக் கூடத்தில் முழங்காலளவு நின்றுவிட்டது. நான் போனது மூன்றாம் நாள். ஆக்குப்புரையில் கால் வைத்தால் சேறு. அவியலுக்கு என்று நறுக்கி வைத்த தடியங்காயும் சேனையும் அண்டாவோடு நொதித்துக் கிடந்தன. மறுவீட்டுச் சொதிக்கு வாங்கிய தேங்காய், உரித்தது உரித்தபடி மிதந்துபோய் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. இலைக்கட்டுகள் பிரிக்கப்படாமல் அழுகிக்கொண்டிருந்தன. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "தாலி கட்டியாச்சு சார், அது போதும்." தெருக் கோயிலில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு அதே முகூர்த்தத்தில் முடித்துவிட்டார்கள்.

நல்ல மனுஷன். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் அறிக்கையில் எழுதாமல் விட முடியாது. எழுதினேன். கம்பெனியிலிருந்து வந்த முதல் கேள்வி: "கல்யாணம்தான் நடந்துவிட்டதே, பிறகு எது ரத்தானது?"

அவர் பாலிசியில் இரண்டு வரி இருந்தது. ஒன்று திருமணம். இன்னொன்று அன்று சாயங்கால வரவேற்பு. வரவேற்பு தனி வரியாக, தனித் தொகையோடு இருந்ததால் அதற்கான பணம் பெரிய தகராறில்லாமல் வந்தது. காலைச் சாப்பாட்டுக்குத்தான் மாதக்கணக்கில் இழுபறி. குறிப்பிட்ட மண்டபத்தில் நடக்க வேண்டியது நடக்கவில்லை என்று அவர் தரப்பு. திருமணம் நடந்தது என்று அவர்கள் தரப்பு. கடைசியில் பாதிக்குச் சமாதானம் ஆனது. அந்தப் பாதியிலும் ஒரு பங்கு ரசீது இல்லாமல் அடிபட்டது. ரசீதுக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே நீங்கள் படிவம் நிரப்பும்போது "திருமணம்" என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். நிச்சயதாம்பூலம், முந்தின நாள் பெண் அழைப்பு, முகூர்த்தம், முகூர்த்தச் சாப்பாடு, சாயங்கால வரவேற்பு, மறுவீடு என்று ஒவ்வொன்றையும் தேதி, இடம், செலவோடு தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தாலி வேறு இடத்தில் கட்டப்பட்டு மற்ற ஏற்பாடு பாழானால் எப்படிக் கணக்குப் பார்ப்பீர்கள் என்று ஏஜென்டிடம் கேட்டு, பதிலைக் கம்பெனி மெயிலில் எழுத்தாக வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லுக்கு இந்தத் தொழிலில் மதிப்பே கிடையாது.

பாலிசியில் என்னதான் இருக்கும் என்றால், பொதுவாக நாலு பகுதி. ரத்து அல்லது தள்ளிப்போவதால் வரும் நஷ்டம் ஒன்று. மண்டபத்துக்கோ விருந்தாளிக்கோ நம்மால் சேதம் வந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீடு இன்னொன்று. இதை மூன்றாம் நபர் பொறுப்பு என்பார்கள். பந்தல், அலங்காரம், நகை, பாத்திரம் போன்ற சொத்துச் சேதம் மூன்றாவது. மணமக்களுக்கும் பெற்றோருக்கும் விபத்துக் காப்பீடு நாலாவது. எல்லாரும் முதல் பகுதியைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதற்கே எடுக்கலாம். 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாப்பிள்ளையும் அதில் ஒருவர். அந்த அளவு வேண்டாம், சீரியல் செட் வயரில் ஷாக் அடித்து ஒரு பையன் விழுந்தாலே போதும், ஒரு குடும்பத்தின் சேமிப்பு ஆஸ்பத்திரியில் கரைந்துவிடும். மண்டபக்காரர் தனியாக இந்தப் பாலிசி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் நகல் வாங்குங்கள். கேட்டதற்கு அவர் முகம் சுளித்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மழை. உங்கள் தேதி கார்த்திகை என்பதால் இதை விட முடியாது. சென்னைக்காரருக்கு டிசம்பர் என்றால் பயம். நமக்கும் இப்போது அப்படித்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. திருநெல்வேலியில் ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீஸே தப்பவில்லை. அந்த 17-ஆம் தேதி மார்கழி 1. மார்கழியில் நாம் முகூர்த்தம் வைப்பதில்லை என்பதால் எத்தனையோ கல்யாண வீடுகள் ஒரு நூலிழையில் தப்பின. மார்கழி பார்க்காத வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. மறுவருஷம், 2024 டிசம்பர் 12, 13-இல் வெள்ளம் வந்தபோது நல்ல கார்த்திகை. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஆச்சிமார் இன்னும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆக, ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்பதே வடகிழக்குப் பருவமழைக்குள் உட்கார்ந்திருக்கிற தேதிதான்.

இதில் ஒரு நுணுக்கம். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று பேப்பரில் அணை மட்டம் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. அணை நிரம்பப் போகிறது, தாமிரபரணிக் கரைக் குறுக்குத்துறைக் கோயிலைச் சுற்றித் தண்ணீர் வந்துவிட்டது, ரெட் அலர்ட் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு ஓடிப்போய்ப் பாலிசி எடுத்தால் செல்லாது. தெரிந்த ஆபத்துக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. அதுபோல, பிரீமியம் கம்பெனியின் கணக்கில் ஏறாதவரை பாதுகாப்பு ஆரம்பிக்காது. 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தில் 64விபி என்ற பிரிவு இதைத்தான் சொல்கிறது. "நான் கட்டிக்கிறேன், நீங்க அப்புறம் கொடுங்க" என்று ஏஜென்ட் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மண்டப அட்வான்ஸ் கொடுத்தாயிற்று அல்லவா, அதுதான் பாலிசி எடுக்கச் சரியான நேரம்.

செலவு? பிரீமியம் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கூடக்குறைய. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எட்டு லட்சத்துக்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள்: 8,000 ரூபாயும் வரி 1,440-ம் சேர்த்து 9,440. இலைக்கு 250 ரூபாய் என்றால் முப்பத்தெட்டு இலைக்கு ஆகிற காசு. நம் வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் அதைவிட அதிக இலை மீந்துபோகும்.

இனி வராதவை. இதைத்தான் ஏஜென்ட் சொல்லமாட்டார்.

இரண்டு வீட்டாருக்கும் மனஸ்தாபம் வந்து நின்றால் கிடையாது. பெண்ணோ மாப்பிள்ளையோ வேண்டாம் என்று சொன்னால் கிடையாது. துபாயில் இருக்கிற மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, விசா சிக்கல் என்றால் பொதுவாகக் கிடையாது. தொற்றுநோயும் அரசு உத்தரவும் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு. 2020 மார்ச் ஊரடங்கில் பங்குனி, சித்திரைக் கல்யாணங்கள் ஒரு சிலரோடு நடந்தது நினைவிருக்கும். அப்படி ஒன்று மறுபடி வந்தால் இதை நம்பியிருக்க முடியாது.

அதைவிட நம் ஊருக்கு முக்கியமானது சாவுத் தீட்டு. மணமக்கள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் என்று பாலிசியில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ளவர் இறந்தாலோ மோசமாக அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாலோதான் ரத்துக்குப் பணம். நமக்கோ சொக்காரன், அதாவது பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் போய்விட்டாலும் பதினாறு கழியாமல் மேளம் கொட்ட முடியாது. அந்தச் சொக்காரப் பெரியப்பா பாலிசிப் பட்டியலில் இருக்கமாட்டார். தீட்டு என்று ஒரு காரணம் அவர்கள் அகராதியிலேயே இல்லை. என்னிடம் வந்த நாலில் ஒன்று இப்படித்தான் போனது. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் பெரிய தாத்தா காலமானார். தேதி தள்ளியது. பைசா வரவில்லை. தாத்தா, ஆச்சி, பெரியப்பா, சித்தப்பா பெயர்களைச் சேர்க்க முடியுமா என்று முன்னாலேயே கேளுங்கள். வயதையும் நோயையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் அதைவைத்தே மறுப்பார்கள். சில கம்பெனி கூடுதல் பிரீமியத்தில் ஒத்துக்கொள்ளலாம், பல ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அது தெரிந்தே எடுத்ததாக இருக்கட்டும்.

நகை விஷயத்தில் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கல்யாண வீட்டில் நகை போவது பூட்டை உடைத்து அல்ல. மணமகள் அறையில் நாற்காலியில் வைத்த பையை யாரோ எடுத்துக்கொண்டு போவார்கள். பாலிசியில் திருட்டு என்றால் பெரும்பாலும் பூட்டை உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் இருக்க வேண்டும். "வச்ச இடத்துல காணோம்" என்பது கவனக்குறைவில் போய்விடும். ஆகவே நகைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று அலட்சியமாக இருக்காமல், ஓர் அத்தையையோ மதினியையோ சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் பையோடு உட்காரவையுங்கள். அதற்குப் பிரீமியமும் கிடையாது.

வண்டி இன்னொன்று. சுற்றுவட்டாரக் கிராமத்திலிருந்து ஆட்களை லோடு ஆட்டோவிலும் மினி லாரியிலும் ஏற்றிக்கொண்டு வருவது இன்னும் நிற்கவில்லை. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிய ஆட்களுக்கு வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் வண்டிக்காரர் தலையில், அப்புறம் உங்கள் தலையில். கல்யாணப் பாலிசி இதை ஏற்காது. வேன் வாடகைக்குப் பேசுங்கள்; பெர்மிட்டையும் இன்சூரன்ஸ் தேதியையும் செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, ரசீது. முன்னால் சொன்ன வீட்டுக்கே வருகிறேன். செலவுக் கணக்குக் கேட்டேன். அவர் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். மண்டபத்துக்கு ஜிஎஸ்டி போட்ட ரசீது இருந்தது. அது ஒன்றுதான் சுத்தம். பந்தல்காரர் தன் விசிட்டிங் கார்டின் ஓரத்தில் "20 வரவு" என்று எழுதியிருந்தார். இருபதா, இருபதாயிரமா? பூக்காரருக்கு எதுவுமே இல்லை. சமையல்காரர், அதாவது தவசுப்பிள்ளை, சாமான் லிஸ்டை அதே கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். துவரம்பருப்பு, வெல்லம், முந்திரி என்று அழகான கையெழுத்து. அடியில் கூலி எவ்வளவு, எவ்வளவு கொடுத்தாச்சு என்று ஓர் எழுத்து இல்லை. பத்திரிகையில் முருகன் படம் ஈரத்தில் ஊறிப் பின்பக்கம் வரை தெரிந்தது. அதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? செலவானது உண்மை என்று எனக்குத் தெரியும். தேங்காய் மிதந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் சர்வேயர் காகிதத்தைத்தான் மதிப்பிட முடியும். ஆறரை லட்சம் செலவு என்று அவர் சொன்னார். ஆதாரத்தோடு நின்றது இரண்டே முக்கால் லட்சம்.

இன்சூரன்ஸ் லாபம் கொடுக்காது. உண்மையில் போனதைத்தான் ஈடுகட்டும். மண்டபக்காரர் வேறு தேதிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் மண்டப வாடகை நஷ்டமே இல்லை. மளிகை கெடாமல் கடைக்குத் திரும்பிப்போனால் அதையும் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்தது போக மீதியில் முதல் சில ஆயிரம் உங்கள் பங்கு என்று எக்ஸஸ் ஒன்றும் இருக்கும். அதனால் பாலிசி எடுக்கப்போகிறீர்களோ இல்லையோ, இன்றிலிருந்து கொடுக்கிற காசை யுபிஐ-யில் அனுப்புங்கள்; குறிப்பில் "வரவேற்பு மேடை அட்வான்ஸ்", "நாதஸ்வரம் முன்பணம்" என்று எழுதுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்பவரிடம் ஒரு நோட்டில் பெயர், தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தவசுப்பிள்ளையிடம் பில் கேட்டால் சிரிப்பார், நம்பிக்கை இல்லையா என்று கேட்பார். நம்பிக்கை உங்கள் மேல் இருக்கிறது, மழை மேல்தான் இல்லை என்று சொல்லுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது கூட்டிப் பெருக்குவது அல்ல. போட்டோ, வீடியோ எடுங்கள். அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லி எண் வாங்குங்கள். திருட்டு என்றால் எஃப்ஐஆர். சர்வேயர் வருகிறவரை கெட்ட சாமானில் கொஞ்சமாவது அப்படியே கிடக்கட்டும்; நாற்றம் தாங்கவில்லை என்றால் கம்பெனியிடம் சொல்லிவிட்டு அகற்றுங்கள். க்ளெய்மை மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் கம்பெனியிலேயே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். 155255 என்ற எண்ணில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் சொல்லலாம்.

கடைசியாக, அப்பாவுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் எடுப்பது. முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் யாருக்கு வருமோ அவர்தான் பாலிசிதாரராக இருக்க வேண்டும். மண்டப ரசீது அப்பா பெயரில், அட்வான்ஸ் அப்பா கணக்கிலிருந்து போயிருக்கும்போது பாலிசி மட்டும் உங்கள் பெயரில் இருந்தால், உமக்கென்ன நஷ்டம் என்றுதான் முதல் கேள்வி வரும். அவர் கையெழுத்து வேண்டும். அபசகுனம் என்பவரிடம் வாதாடாதீர்கள். ஜெனரேட்டர் ஏன் பேசினோம், உபரி சிலிண்டர் ஏன் சொன்னோம் என்று ஆரம்பிக்கவும் வேண்டாம், கோபம்தான் கூடும். மண்டப ரசீதை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற நிபந்தனைகளை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முன்பணம் எக்காரணத்தைக் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்று அதில் இருந்தால், அந்த வரியில் நிறுத்திவிட்டு, 9,440 ரூபாய் என்று மட்டும் சொல்லுங்கள்.